சிரிப்பு மேடை விருத்தாசலத்துக்கு வருமா?

இரவு 8 மணி. விருத்தாசலத்தில் ஒரு வீடு. அப்பா, அம்மா, மகள், மகன் நான்கு பேரும் கூடத்தில் இருக்கிறார்கள். நான்கு பேர் கையிலும் செல்போன்!

திடீரென்று மகள் குபீர் என்று சிரிக்கிறாள்.

"என்னடி அது?" என்கிறாள் அம்மா.

மகள் போனைத் திருப்பிக் காட்டுகிறாள். ஒருவர் மேடையில் நிற்கிறார். கையில் மைக். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில். வேறு ஒன்றும் இல்லை. அவர் தன் மாமியார் வீட்டுக்குப் போன கதையைச் சொல்லுகிறார். எதிரே இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. அம்மாவும் சிரிக்கிறாள். ஒரு நிமிடம்தான்! அதற்குள் அந்தப் படம் முடிந்து வேறு படம் வந்துவிடுகிறது.

"இதை நேரில் பார்க்க முடியாதா?" என்று கேட்கிறாள் அம்மா.

"பார்க்கலாம். பட்டணத்துக்குப் போக வேண்டும்" என்கிறான் மகன்.

இப்படிப்பட்ட பேச்சு இன்று பல ஊர்களில், பல வீடுகளில் நடக்கிறது. "ஸ்டாண்ட்-அப் காமெடி" என்று அதற்குப் பெயர். ஒரே ஆள் நின்றுகொண்டு, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பேசியே சிரிக்க வைப்பது. வேஷம் கிடையாது. சீன் கிடையாது. பாடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சென்னையில் இந்தக் கலை வேரூன்றி ஆண்டுகள் பல ஆகின்றன. அரவிந்த் எஸ்.ஏ. என்பவரின் "மதராசி டா" 2017-ல் அமேசான் பிரைமில் வந்தது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மேடை ஏறியவர் அலெக்சாண்டர் பாபு. சினிமாப் பாட்டுகளைப் பாடி, அவற்றைப் பற்றிப் பேசி அவர் நடத்திய "அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்" 2019-ல் அதே இடத்தில் வந்தது. தமிழர் வாழும் வெளிநாடுகளுக்கும் அவர் போய் வருகிறார். அந்த நாடுகளுக்கு எல்லாம் போகும் சிரிப்பு, விருத்தாசலத்துக்கு வரவில்லை.

செலவைப் பார்ப்போம். ஒரு டிக்கெட் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு 2,000 ரூபாய். விருத்தாசலத்துக்கும் சென்னைக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ரயில் கட்டணம் தனி. சாப்பாடு தனி. நிகழ்ச்சி முடிய இரவு ஒன்பது, பத்து மணி ஆகும். தங்க இடம் வேண்டும். ஒன்றரை மணி நேரச் சிரிப்புக்கு ஒரு மாத மளிகைச் செலவு! எந்த அம்மா சம்மதிப்பாள்?

ஆகவே அவள் போனிலேயே பார்த்துக்கொள்கிறாள். "போனில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றுதானே?" என்று கேட்கலாம். ஒன்று அல்ல. எவ்வளவு வேறுபாடு என்பது, இந்தச் சிரிப்புக்காரர்கள்மேல் வந்த வழக்குகளைப் பார்த்தால் தெரியும்.

சூளையும் மேடையும்

விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தரும் சர்க்கார் கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் எல்லாம் இங்கே செய்கிறார்கள்.

பொம்மை எப்படிப் பிறக்கிறது? களிமண்ணைக் கரைத்துக் குழம்பாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் அதை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படிந்த மண் இறுகும். நடுவில் உள்ள குழம்பைக் கொட்டிவிடுவார்கள். பிறகு காய வைத்து, சூளையில் சுடுவார்கள். பாதி வேளையில் சூளையைத் திறந்தால் அவ்வளவுதான், பொம்மை வெடித்துவிடும்.

மேடைச் சிரிப்பும் ஏறக்குறைய அப்படியே. பெரிய மேடைக்கு வருமுன், சின்ன அறையில் இருபது, முப்பது பேர் முன்னால் புதிய ஹாஸ்யத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். கூட்டம் சிரித்தால் வைத்துக்கொள்வார்கள். சிரிக்காவிட்டால் மாற்றுவார்கள். ஒரு சொல்லை முன்னே தள்ளுவார்கள், ஒரு சொல்லை எடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சி உருவாக மாதக்கணக்கில் ஆகும். "தயவுசெய்து செல்போனில் படம் பிடிக்காதீர்கள்" என்று பல மேடைகளில் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். பாதி சுட்ட பொம்மையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகாதே என்கிறார்கள்.

தமிழில் கூர்மையான கேலி எழுதியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் புதுமைப்பித்தன். அவருடைய சொந்தப் பெயர் விருத்தாசலம்! பிறந்தது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில், 1906-ல். இந்த ஊருக்கும் கேலிக்கும் உள்ள உறவு பழையதுதான் போலும்.

கட்டியக்காரன் வாரிசு

"இது வெள்ளைக்காரன் கலை, நமக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் சொல்லுகிறார்கள். பெயர்தான் வெள்ளைக்காரன் பெயர்.

தெருக்கூத்தில் முதலில் வருபவன் யார்? ராஜா அல்ல, கட்டியக்காரன்! ராஜாவை அவன்தான் அறிமுகம் செய்கிறான். ராஜா பேசும்போது குறுக்கே பேசுகிறான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடையைப் பற்றியும் பஞ்சாயத்துத் தேர்தலைப் பற்றியும் பேசுவான். ஊர்ப் பெரிய மனிதரை ஜாடையாக இடிப்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் மானம் போய்விடும்!

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் "கிந்தனார்" காலட்சேபத்தைப் பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள். 1949-ல் வந்த "நல்லதம்பி" படத்திலும் அது உண்டு. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்பும் கதை. நந்தனார் சரித்திரம் சொல்லும் பாகவதர் பாணியிலேயே அதைச் சொல்லி, சிரிக்க வைத்து, "பிள்ளையைப் படிக்க வை" என்ற சேதியை உள்ளே வைத்தார்.

பிறகு பட்டிமன்றம் வந்தது. சாலமன் பாப்பையாவும் திண்டுக்கல் லியோனியும் பேச வந்தால் திருவிழாத் திடல் நிரம்பும். அப்புறம் மிமிக்ரி. உடம்பு முழுவதும் பளபளக்கும் சாயம் பூசி, இயந்திர மனிதன்போல் கிராமத்து மேடைகளில் ஆடியவர் ரோபோ சங்கர். அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. 2025 செப்டம்பரில் அவர் காலமானார். 2005-ல் விஜய் டி.வி.யில் தொடங்கிய "கலக்கப்போவது யாரு" அவரைப் போன்ற பலரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சிவகார்த்திகேயனும் அந்த மேடையில் ஏறியவர்தான்.

வீட்டுக்குள் சிரிப்பு வந்ததும், திடலுக்குப் போகும் வழக்கம் குறைந்தது. டி.வி. போய் செல்போன் வந்ததும், சேர்ந்து சிரிப்பதும் குறைந்தது. இப்போது நான்கு பேர் நான்கு மூலையில் தனித்தனியாகச் சிரிக்கிறார்கள்.

வானூர் வரை வந்த வழக்கு

மும்பையில் "ஹாபிடட்" என்று ஒரு சிரிப்பு அரங்கம். குணால் கம்ரா என்ற சிரிப்புக் கலைஞர் அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரு சினிமா மெட்டில் கேலிப் பாட்டுப் பாடினார். மராட்டியத் துணை முதல்-மந்திரி ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டும் பாட்டு. அரங்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கை தட்டினார்கள். வீட்டுக்குப் போனார்கள்.

2025 மார்ச் 23-ந் தேதி அந்த நிகழ்ச்சியின் படம் இன்டர்நெட்டில் வெளியானது. அன்று இரவே ஷிண்டேயின் சிவசேனை கட்சியினர் அரங்கத்துக்குள் புகுந்தார்கள். நாற்காலிகள் பறந்தன. விளக்குகள் உடைந்தன. கம்ரா அங்கே இல்லவே இல்லை!

போலீசார் கம்ராமீது வழக்குப் போட்டார்கள். அவர் எங்கே இருந்தார் தெரியுமா? தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். 2021 முதல் தாம் தமிழ்நாட்டில் வசிப்பதாகச் சொல்லி, சென்னை ஐகோர்ட்டில் முன்ஜாமீன் கேட்டார். மார்ச் 28-ந் தேதி ஐகோர்ட்டு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. வானூர் மாஜிஸ்திரேட்டிடம் ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுக்கச் சொன்னது.

வானூர் விருத்தாசலத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். 1993-க்கு முன் இரண்டும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். சிரிப்பு மேடை வராத ஊருக்கு, சிரிப்பு மேடையின் வழக்கு பக்கத்து மாவட்டம் வரை வந்துவிட்டது! ஏப்ரல் 25-ந் தேதி பம்பாய் ஐகோர்ட்டு, மனு நிலுவையில் இருக்கும் வரை கம்ராவைக் கைது செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டைக் கேட்க டிக்கெட் வாங்கி வந்தவர்களில் யாரும் நாற்காலியை உடைக்கவில்லை. உடைத்தவர்கள், போனில் பார்த்தவர்கள்.

முனாவர் பாரூக்கி கதை இன்னும் கொடுமை. 2021 ஜனவரி 1-ந் தேதி இந்தூரில் ஒரு காப்பிக் கடை அரங்கத்துக்கு நிகழ்ச்சி நடத்த வந்தார். புகார் வந்தது. கைது செய்தார்கள். தெய்வங்களைக் கேலி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பிப்ரவரி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அவருடைய பழைய வீடியோ ஒன்றின்மேல் ஏற்கெனவே உத்தரப்பிரதேசத்தில் வழக்கு இருந்தது. இந்தூரில் எதிர்ப்பாளர்கள் அரங்கத்துக்கே வந்தார்கள். ஆனால் கேட்க வந்தவர்கள் அல்லர், தடுக்க வந்தவர்கள்.

"அப்படியானால் படத்தை இன்டர்நெட்டில் போடாமல் இருக்கலாமே?" போடாவிட்டால் டிக்கெட் விற்காது. இன்று விளம்பரம் எல்லாம் அந்த ஒரு நிமிடப் படம்தான். அது பரவினால் அரங்கம் நிறையும். அதே படம் வேறு கைக்குப் போனால் போலீஸ் வரும். ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்தால், முன்னால் சொன்னது என்ன, பின்னால் சொன்னது என்ன என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

கேலிக்கும் சட்டத்துக்கும் சண்டை புதிது அல்ல. 1876-ல் வெள்ளைக்கார சர்க்கார் நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குக் காரணமே ஒரு ஹாஸ்ய நாடகம்! இங்கிலாந்து இளவரசர் கல்கத்தா வந்தபோது, ஒரு வக்கீல் அவரைத் தம் வீட்டுக்குள் அழைத்து, வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்றார். ஊர் அதைக் கேலி செய்தது. நாடகக்காரர்கள் மேடையில் ஏற்றினார்கள். உடனே அவசரச் சட்டம்!

வெள்ளையர் போனார்கள். சட்டம் போகவில்லை. 1954-ல் சென்னை ராஜ்யமே தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே அது வந்தது என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றைய பத்திரிகைச் செய்தியை அன்று இரவே மேடையில் இழுப்பவர் ராதா. எழுதிவைத்த வசனம் ஒன்று, பேசும் வசனம் வேறு. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் தம் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரமே செய்தார்! செல்போன் காலத்தில் அந்த விளம்பரத்தால் பயன் இல்லை. வராதவர் வீட்டுக்கும் நாடகம் போய்விடுகிறதே!

1954-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-ல் சென்னை ஐகோர்ட்டு அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 1876 சட்டத்தையும் பின்னர் பாராளுமன்றம் ஒழித்துவிட்டது. நாடகத்துக்குத் தனிப் பூட்டு இப்போது இல்லை. சிரிப்புக்காரர்கள்மீது வருபவை பொதுவான கிரிமினல் சட்ட வழக்குகள்.

கேப்டன் குரல்

சிரிப்புக்காரர் பக்கம் தப்பே இல்லையா? இருக்கிறது. அதற்கும் சாட்சி விருத்தாசலம்தான்.

மேடைக்கு மேடை மிமிக்ரிக்காரர்கள் பேசிய குரல் விஜயகாந்த் குரல். 2006-ல் அவருடைய கட்சி ஒரே ஒரு இடத்தில் ஜெயித்தது. அது விருத்தாசலம். ஐந்து ஆண்டுகள் அவர் இந்த ஊரின் எம்.எல்.ஏ.

2011 தேர்தலில் நடிகர் வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போனார். விஜயகாந்தைக் கேலி செய்தார். கூட்டமோ கூட்டம்! சிரிப்போ சிரிப்பு! வாக்கு எண்ணியபோது விஜயகாந்த் கட்சிக்கு 29 இடம். தி.மு.க.வுக்கு 23 இடம். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்குச் சில ஆண்டுகள் சினிமா வாய்ப்பே குறைந்துபோனது. திடலில் நின்று சிரித்த ஜனங்கள், சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு, தம் மனம்போல் ஓட்டுப் போட்டார்கள். அவர்களை யாரும் ஏமாற்ற முடியவில்லை.

இதுவரை சரி. பலசாலியைக் கேலி செய்தார்கள், பலசாலி தாங்கினார். பிறகு அவர் நோயாளியானார். பேச்சுக் குழறியது. அந்தக் குழறலையும் வெட்டி, ஒட்டி, போனில் பரப்பிச் சிரித்தார்கள். 2023 டிசம்பர் 28-ந் தேதி அவர் இறந்தார். சென்னைத் தீவுத்திடலில் ஜனங்கள் அழுதுகொண்டு வரிசையில் நின்றார்கள். கேலி செய்தவர்கள் பலர் வருந்தி எழுதினார்கள். அந்த வருத்தத்தை அவர் கேட்கவில்லை.

ஒரு நோயாளி முன்னே உட்கார்ந்திருக்கும்போது, அவர் பேச்சுக் குழறுவதைக் காட்டி எந்த மேடைக்காரனும் சிரிக்க வைக்க முடியாது. கூட்டமே அவனை இறக்கிவிடும். போனில் அந்தக் கூட்டம் இல்லை. தனியே இருக்கும் விரல் ஒன்றுதான் இருக்கிறது.

குடும்பத்தோடு போகலாமா?

நியாயமான கேள்வி. எல்லா நிகழ்ச்சிக்கும் போக முடியாது. பலவற்றில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் "இந்தியாஸ் காட் லேட்டண்ட்" என்ற நிகழ்ச்சியில் தாய் தகப்பனைப் பற்றி ஆபாசமாக ஒரு கேள்வி கேட்டு, நாடு முழுவதும் கொதித்தது. சுப்ரீம் கோர்ட்டே அந்தப் பேச்சைக் கண்டித்தது. அதையும் குழந்தைகள் பார்த்தது அரங்கத்தில் அல்ல. வீட்டில், போனில்தான். அரங்கத்து வாசலில் வயதைக் கேட்க ஆள் இருக்கிறான்.

பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகளும் நிறைய உண்டு. மாமியார், பள்ளிக்கூடம், டியூஷன், மின்சார பில், கல்யாணப் பத்திரிகை வைக்கப்போன இடம் ஆகியவைதான் அவற்றில் விஷயம்.

மண்டபம் காலி

அப்படியானால் விருத்தாசலத்துக்கு என்ன தடை? பெரிய அரங்கம் தேவை இல்லை. பெரிய அரங்கத்தில் இந்தக் கலை எடுபடாது. முகம் தெரிய வேண்டும். 300 பேர் உட்காரும் இடம் போதும். கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் அவை பூட்டியே கிடக்கின்றன. கேட்க ஆள் இருக்கிறார்கள். கொளஞ்சியப்பர் அரசுக் கல்லூரி மாணவர்கள், பீங்கான் கல்வி நிலைய மாணவர்கள், ரயில்வே குடும்பங்கள், கடைவீதிக்காரர்கள். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்த ஊரில் ஆள் சேராது என்று சொல்லமாட்டார்கள்.

தடை, யார் முதலில் பணம் போடுவது என்பதுதான். டிக்கெட் 100 ரூபாய் என்றால் 300 பேருக்கு 30,000 ரூபாய். மண்டப வாடகை, மைக் செட், வந்துபோகும் செலவு போக, பேர் வாங்கிய கலைஞருக்கு அதில் மிஞ்சாது. ஆனால் பேர் வாங்காத இளைஞர்கள் சென்னையில் ஐந்து நிமிட மேடைக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் சேர்ந்து வந்தால் கட்டும். அவர்களுக்கும் லாபம் உண்டு. சென்னைக்காரனைச் சிரிக்க வைத்த ஹாஸ்யம், களிமண் பிசைகிறவரையும் சிரிக்க வைக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

போலீசுக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியதையும் மண்டபக்காரர் நினைத்துப் பார்ப்பார். "வில்லங்கம் வருமோ?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார். மும்பையில் நாற்காலி உடைந்த படத்தை அவரும் போனில் பார்த்திருக்கிறார் அல்லவா?

விருத்தாசலம் பெரிய ரயில்வே ஜங்ஷன். திருச்சிப் பாதை, சேலம் பாதை, கடலூர்ப் பாதை எல்லாம் இங்கே சேருகின்றன. எழும்பூரில் ரயில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இங்கே இறங்கலாம். கலைஞருக்குச் சாமான் சுமையும் கிடையாது. மைக்கும் முக்காலியும் மண்டபத்திலேயே இருக்கின்றன.